ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள்

உத்தியோகத்தை விட்டவருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே என்று வேடிக்கையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஓய்வு பெற்று நாலைந்து வருஷம் ஆனவர்களிடம் நெருங்கிப் பேசிப் பார்த்தால், இன்று என்ன கிழமை என்பதை நாட்காட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிற அந்த வாழ்க்கையில், பார்க்காமலே தெரிகிற கிழமை ஞாயிறு ஒன்றுதான் என்பதும், அந்தக் கிழமைக்குரிய விசேஷம் முழுவதும் பிள்ளைகளுடைய விடுமுறையால் வந்தது என்பதும் விளங்கும்.

அந்த விடுமுறையும் தானாக வந்து சேர்ந்ததன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஓய்வென்பதே இல்லாமல் உழைத்துவந்த தொழிலாளருக்கு வாரத்தில் ஒரு நாளாவது வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகண்டே 1880களில் தொடங்கிய கிளர்ச்சி, பல வருஷப் பிரயாசைக்குப் பிறகு, 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக ஒப்புக்கொண்டதில் முடிந்தது. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வருவதற்கு ஒரு நாள் இருக்கிறதென்றால், அதற்கு அந்த மனிதரிடமும் நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரயில் பாதையில் சந்திப்பை அடுத்து இருப்பது பொன்மலை நிலையம். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே இடம்பெயர்ந்து வந்தது முதல், தகப்பனும் மகனும் பேரனுமாக ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே வாசலுக்குள் நுழைந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். நீலகிரி மலைப்பாதைக்கென்று நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்து கொடுத்த கைகள் இங்கேதான் இருக்கின்றன. அவ்வாறு உழைத்து ஓய்வு பெற்றவர்கள், சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கல்கண்டார்கோட்டையிலும் பொன்மலைப்பட்டியிலும் இரண்டு அறையும் ஒரு திண்ணையுமாகக் கட்டிக்கொண்ட வீடுகளில், தெருவுக்குத் தெரு வசிக்கிறார்கள். அவர்களுள் ஒரு தம்பதியரின் ஞாயிற்றுக்கிழமையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இவர்களைப் போன்றவர்கள் இல்லாத தெரு அங்கே இல்லை. கணவர் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து சீனியர் டெக்னீஷியனாக 60 வயதில் வெளியே வந்தவர். மனைவி சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். அப்போது ஓய்வு வயதாக இருந்த 58 கல்வியாண்டின் நடுவே நிறைவெய்தியதால், குழந்தைகளின் படிப்பு கெடாதிருக்கும் பொருட்டு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் என்ற விதிப்படி மேலும் சில மாதங்கள் கரும்பலகைக்கு முன் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவர். மகன் தஞ்சாவூரில் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறான். மகள் சிங்கப்பூரில்.

ஞாயிறன்று அவர்களை எழுப்புவது யார் என்றால், ஒருவரும் இல்லை. சங்கு ஊதாத நாளிலும் அவருக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கத்தை உடம்பு அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. அந்த ஐந்து மணிக்கும் மகன் குடும்பம் வந்திறங்கும் ஒன்பது மணிக்கும் இடையிலுள்ள பொழுதுதான், என் அபிப்பிராயத்தில், அந்த நாளின் மிக உயர்ந்த பகுதி. பேச்சு அதிகமில்லை. அம்மையார் காப்பி கலக்கிக்கொண்டு வருகிறார். டம்ளரைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு அவரும் உட்காருகிறார். முதல்நாள் வந்த கடிதத்தைப் போல அன்றைய தினசரியை இருவரும் பங்கு போட்டுக்கொண்டு, அவர் நடுப்பக்கத்தையும் இவர் முதல் பக்கத்தையும் வாசிக்கிறார்கள். காலமானார் அறிவிப்புகளை மட்டும் சேர்ந்து பார்க்கிறார்கள். மாத்திரைப் பெட்டியில் ஞாயிற்றுக்குரிய அறை திறக்கப்படுகிறது: ரத்த அழுத்தத்துக்கு இவருக்கு ஒன்று, சர்க்கரைக்கு அவருக்கு ஒன்று. அத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் நேரமில்லாமல் வாழ்ந்துவிட்டு, நேரம் வந்த பிறகு அதை என்ன செய்வதென்று முதல் ஒன்றிரண்டு வருஷம் தெரியாமல் சச்சரவிட்டு, அதற்குப் பிறகு கண்டுபிடித்த மௌனம் அது. ஆகையால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு.

ஆறரை மணிக்குக் கணவர் பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கறிக்கடையில் வரிசை நிற்க ஆரம்பித்திருக்கும்.

"என்னங்க, நெஞ்செலும்பு தனியா கேட்டு வாங்குங்க. போன வாரம் மாதிரி கொழுப்பா அள்ளிப் போட்டுடப் போறாரு. பாப்பாவுக்குச் சுவரொட்டி இருந்தா சொல்லி வைங்க."

"சரிம்மா" என்கிறார் அவர். இந்த உத்தரவு வாராவாரம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் பிறப்பிக்கப்படுவதும், பணிமனையில் எந்த மேலதிகாரியின் உத்தரவையும் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்காதவர் இதை மட்டும் அப்படியே ஏற்பதும் தெருவுக்கே தெரியும். கடையிலிருந்து பொன்மலைச் சந்தைக்குப் போகிறார். ஞாயிறு தோறும் கூடுகிற அந்தச் சந்தையில் கீரை, முருங்கைக்காய், மொச்சை, கொஞ்சம் கருவாடு என்று வாங்குவதைக் காட்டிலும், பழைய சகாக்களைச் சந்திப்பதுதான் அவருக்கு முக்கியம்.

அந்தச் சகாக்களின் சம்பாஷணையைக் கேட்கிற வெளியூர்க்காரர் அதை ஏதோ கணக்குப் பரீட்சை என்று நினைத்துவிடக்கூடும். ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்கிற பஞ்சப்படி இம்முறை எத்தனை சதவீதம். ஓய்வு பெறும்போது பென்ஷனில் நூற்றுக்கு நாற்பது வரை விற்று மொத்தமாக வாங்கிக்கொண்ட தொகை, பதினைந்து வருஷம் கழித்துத் திரும்ப முழுப் பென்ஷனாக ஆவதற்கு யாருக்கு இன்னும் எத்தனை மாதம். 80 வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் நூற்றுக்கு இருபது கூடும், 85இல் முப்பது, 90இல் நாற்பது, 95இல் ஐம்பது, 100இல் அதே அளவு இன்னொரு பங்கு. "நூறு வரைக்கும் இருந்து கவர்மெண்டை நஷ்டப்படுத்திட்டுத்தான் போவேன்" என்று ஒருவர் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பை அலட்சியமாகக் கருதக்கூடாது. தான் இறந்தாலும் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு என்கிற நிச்சயம் இருப்பவனால்தான் சாவைப் பற்றி அப்படிச் சிரிக்க முடியும். ரயில்வேயில் பென்ஷன் முறை வந்ததே 1957இல்தான்; அதற்கு முன்னே சேமநிதிப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது மகள் கல்யாணத்தோடு தீர்ந்துபோகும். 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, நகரா வழக்கில், பென்ஷன் என்பது எஜமானன் மனமிரங்கிக் கொடுக்கும் தர்மமன்று, செய்த சேவைக்கு உரிய பாத்தியதை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தத் தேதியை இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சந்தையிலேயே, இவர் பேரம் பேசாமல் வாங்குகிற கீரைக்கட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் எழுபது வயதுக்குக் குறையாது. மாகாணத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் ஆரம்பமாகி, 2023இல் மாதம் 1,200 ரூபாயாயிற்று. கீரை விற்காமல் அதைக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க இயலாது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் மாதம் பிறந்தால் பாங்கியில் தவறாமல் பணம் விழுகிற பாக்கியசாலிகள் சிறுபான்மையோரே. ஓய்வுகாலத்துச் சாந்தி, மனப்பக்குவம் என்றெல்லாம் நம் பத்திரிகைகள் உபதேசிக்கும்போது, அந்தச் சாந்திக்கு அடியில் ஒரு பாங்கிப் புத்தகம் இருக்கிறது என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

ஒன்பது மணிக்கு மகனும் மருமகளும் பேத்தியும் ரயிலிலிருந்து இறங்கி வருகிறார்கள். தஞ்சாவூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மகன் அப்பாவோடு நின்று தெருவில் தோண்டியிருக்கிற பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறான். பேத்தி செருப்பைக் கழற்றின இடத்திலேயே விட்டுவிட்டு "அப்பாயி" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். மருமகள் பையிலிருந்து போன வாரத்துப் பாத்திரங்களை எடுத்து மேடைமேல் வைக்கிறாள்.

"அத்தை, நீங்க உட்காருங்க, நான் அரைச்சுடுறேன்."

"வாரம் பூரா ஆபீஸ்ல இருந்துட்டு வர்ற, நீ உட்காரு. இஞ்சி பூண்டு எல்லாம் நேத்தே அரைச்சு வச்சிட்டேன்."

இருவரும் உட்காருவதில்லை. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் உட்காரச் சொல்லிக்கொண்டே பதினொன்றரை வரை நிற்கிறார்கள். திண்ணையில் நாற்காலிகள் காலியாக இல்லை. அங்கே தகப்பனும் மகனும் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அவ்வேலைக்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். அதில் ஈடுபடுகிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம், ஈடுபடுகிற ஆண்களே நாலில் ஒருவர்தான். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஆசிரியைக்கு, அடுக்களையிலிருந்து விடுதலை செய்கிற அதிகாரி ஒருவரும் இன்னும் நியமிக்கப்படவில்லை. அவருடைய ஞாயிறு உண்மையில் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது: மாவு அரைப்பது, மெத்தைகளை வெயிலில் போட்டு எடுப்பது, பேத்திக்கென்று முறுக்குச் சுடுவது. இதில் அம்மையாருக்குச் சந்தோஷம் இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். சந்தோஷம் இருப்பதனால் முழங்கால் வலி இல்லாமற்போய்விடுவதில்லை என்பதைத்தான் திண்ணையிலிருப்பவர்கள் கவனிப்பதில்லை. கணவருக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: வெங்காயம் உரிப்பதையும் சாப்பாட்டுக்குப் பின் மேடையைக் கழுவுவதையும் கணவர் ஓய்வுக்குப் பிறகு தாமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார், மேடையைப் பணிமனை யந்திரத்தைத் துடைக்கிற ஒழுங்கோடு துடைக்கிறார். மகன் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

பதினொன்றரைக்குச் சிங்கப்பூரிலிருந்து மகள் வீடியோவில் வருகிறாள். அங்கே மணி இரண்டு. டெலிபோன் ஒவ்வொருவர் கையாகச் சுற்றி, கடைசியில் குழம்புச் சட்டிக்கு மேலே பிடிக்கப்படுகிறது. "வாசனை வருதாடி?" என்று தாய் கேட்கிறாள். மகள் சிரிக்கிறாள், பிறகு ஒரு கணம் இருபுறமும் யாருக்கும் பேச்சு வருவதில்லை, அதற்குள் பேத்தி டெலிபோனைப் பிடுங்கிக்கொள்கிறாள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் போகிறது, நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆயினும் அது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகிற தூரம் அன்று; வருஷத்துக்கு ஒரு தரம், அழுது வரவேற்று அழுது அனுப்புகிற தூரம்.

தூரத்தைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பழைய நூல்கள் முதுமைக்கு இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கின்றன. தலை நரைத்து, தோல் திரைந்து, பேரன் முகத்தையும் கண்டுவிட்ட கிருகஸ்தன் வனத்துக்குப் போகட்டும் என்பது மனு தர்ம சாஸ்திரத்தின் விதி. தொல்காப்பியக் கற்பியலோ, இன்ப நுகர்ச்சியெல்லாம் நிறைவெய்திய கடைசிப் பருவத்தில் தலைவனும் தலைவியும் தங்களைக் காக்கவல்ல மக்களோடும் நற்சுற்றத்தோடும் கூடி, உயர்ந்தவற்றைப் பயின்றிருப்பதே கழிந்த இல்வாழ்க்கையின் பலன் என்ற கருத்தைக் கூறுகிறது. காட்டுக்கு அனுப்புகிற விதியைவிட இது நம் மனசுக்கு எவ்வளவோ இணக்கமாயிருக்கிறது. என்றாலும், கூட்டுக் குடும்பத்தில் கிழவர் திண்ணையிலும் கிழவி அடுக்களையிலுமாக ஆயுள் முழுவதும் தனித்தனியே கழித்து, இருவரும் கூடியிருந்து எதையும் பயில ஒரு பொழுதேனும் கிடைக்காமற்போன கதையையும் நாம் அறிவோம். கூட்டத்தின் நடுவே தம்பதி என்ற ஒன்று காணாமற்போய்விடும்.

பொன்மலைத் தம்பதியர் இவ்விரண்டு வழிக்கும் நடுவே ஒன்றைக் கண்டிருக்கிறார்கள்; அதை அவர்கள் யோசித்துச் செய்யவில்லை, மகனுக்குத் தஞ்சாவூரில் வேலை கிடைத்ததனால் தானாக அமைந்தது. வியன்னா நகரத்துச் சமூகவியலாளர் லெயோபோல்ட் ரோசன்மாயரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஏவா கோக்கெய்ஸும் 1960களில் அந்நகரத்து முதியோரை விசாரித்து எழுதியதும் இதுவேதான்: வயதானவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், அதே வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில்லை. ஐரோப்பியருடைய தனிமைப் பிரியம் என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. மகன் ஒரு தரம், "இங்கே எதுக்குத் தனியா கஷ்டப்படணும், தஞ்சாவூருக்கே வந்துடுங்க" என்று அழைத்தபோது, தகப்பனார் சந்தையையும் சகாக்களையும் ரயில்வே ஆஸ்பத்திரியையும் காரணமாகச் சொன்னார். தாயார் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இருக்கட்டும்ப்பா, நீங்க வர்றீங்கல்ல" என்றார். காலை ஐந்து மணிக் காப்பி அந்தப் பதிலில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கைவிட்ட பிள்ளையிடமிருந்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பெற்றோருக்கு ஜீவனாம்சம் வாங்கித்தர 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஒன்பது மணி ரயிலில் வந்திறங்கச் செய்ய அதில் ஷரத்து இல்லை.

சாப்பாட்டைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. சுவரொட்டி பேத்திக்கு, நல்லி எலும்பு மகனுக்கு, மருமகளுக்கு ஈரல், கடைசியாக உட்காருகிறவருக்குக் குழம்பு. அதன் பிறகு வீடு முழுவதும் ஒரு மணி நேரம் உறங்குகிறது.

எழுந்ததும் காரியங்கள் நடக்கின்றன. அவற்றை நடத்தவும் ஞாயிறே உகந்த நாள். கரண்ட் பில் கட்டுவது, காஸ் பதிவு செய்வது, டெலிபோனில் இடமில்லை என்று வரும் அறிவிப்பை நீக்குவது எல்லாம் மகனுடைய இலாகா. நவம்பர் மாதமானால் இன்னொன்று சேரும். பென்ஷன் வாங்குகிறவர் தாம் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். அதற்காக முன்னெல்லாம் பாங்கி வாசலில் கியூவில் நின்றார்கள். 2014 நவம்பரில், விரல்ரேகையை வைத்து மின்னணு முறையில் சான்றளிக்கும் ஏற்பாடு வந்தது. வாத்தியாரம்மாவின் விரலை யந்திரம் உடனே அங்கீகரித்துவிட்டது. இவர் விரலைத்தான் திரும்பத் திரும்ப நிராகரித்தது. அரமும் இரும்புத் தூளும் கிரீஸும் வருஷக்கணக்கில் தேய்த்து, ரேகை என்பதே மங்கிப்போயிருந்தது. சர்க்காருக்கு உழைத்த அடையாளமே சர்க்காரிடம் உயிரோடிருப்பதை நிரூபிக்க இடைஞ்சலாக வந்து நின்றதை அவர் சகாக்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்ற முறை வந்த பிறகு, திண்ணையில் உட்காரவைத்து மகன் டெலிபோனை முகத்துக்கு நேரே பிடிக்கிறான். "கண்ணை மூடித் திறங்க தாத்தா" என்று பேத்தி உத்தரவிடுகிறாள். கண் சிமிட்டியதும் சான்று போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"தாத்தா பாஸ்" என்கிறாள் பேத்தி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் ஒரு நாள் தன் சங்கதியைச் சொன்னான். 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய சர்க்கார் வேலைக்கு வந்தவர்களுக்கே பழைய பென்ஷன் இல்லை. சந்தாவைச் சேர்த்து முதலீடு செய்து வருவதைப் பெறுகிற திட்டம். 2025 ஏப்ரல் முதல், நிச்சயமான ஒரு தொகை தரும் மாற்றுத் திட்டமும் அவர்களுக்கு வந்திருக்கிறது. தனியார் கம்பெனியில் இருக்கிற இவனுக்கோ, தொழிலாளர் சேமநிதியோடு இணைந்த பென்ஷன்தான். அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாய். "எனக்கு அறுபது வயசுல ஞாயித்துக்கிழமை கிடையாதுப்பா" என்றான். தகப்பனார் பதில் சொல்லவில்லை. மறுநாள் பாங்கிக்குப் போய்ப் பேத்தி பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துவிட்டு வந்தார்.

மாலை ரயிலுக்கு நேரமானவுடன் அடுக்களையில் மறுபடியும் சந்தடி. மீதிக் குழம்பு ஒரு டப்பாவில், திங்கட்கிழமைக்கு ஆகும்படி இட்லி மாவு ஒரு தூக்கில், முறுக்கு, முருங்கைக்கீரை. வேண்டாம் என்று மருமகள் சொல்வதும், சொல்லிக்கொண்டே பையை விரித்துப் பிடிப்பதும் மரியாதையின் பகுதி. தாத்தா ஸ்டேஷன் வரை கூடவே நடக்கிறார். அவ்வளவு தூரம் நடக்கச்சொல்லி டாக்டர் சொன்னதைச் சாக்காகக் காட்டுகிறார். திரும்பி வந்ததும் டெலிவிஷனை அவர் போடுவதில்லை; அன்றைக்குப் பேத்தி சொன்னதில் எது யார் காதில் விழவில்லையோ அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வதிலேயே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு பேத்திக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், அவர்கள் வருவதற்கில்லை. ஆகையால் இவர்களே தஞ்சாவூர் போவதாகத் தீர்மானம். இலவச பாஸுக்கு எழுதிப் போடுகிற தூரமா அது என்று அவர் சீட்டு வாங்கிக்கொள்ளப் போகிறார். அம்மையார் கறி இங்கேயே வாங்கிக்கொண்டுபோக வேண்டும் என்கிறார். தஞ்சாவூர்க் கடைக்காரர்களை அவர் நம்புவதில்லை. "அப்போ கடையில ஆறு மணிக்கே நிக்கணும்" என்கிறார் இவர். "நில்லுங்க" என்கிறார் அவர்.